ஆலங்குடி இரண்டு!
பஸ் மாறியதால் பார்த்த அதிசயம்

"ஆலங்குடிக்கு எந்த பஸ்?"

மதுரையில் நான் கேட்ட கேள்வி இது. "புதுக்கோட்டை போய் மாறுங்கள்" என்றார்கள். நானும் அம்மாவும் ஏறிவிட்டோம்.

தோளில் ஒரு பை. அம்மாவின் இடுப்பில் மஞ்சள் துணி. அதில் காணிக்கை முடிந்து இருந்தது. என் தம்பி நோயில் இருந்து பிழைத்ததற்கான நேர்த்திக்கடன் அது. வியாழக்கிழமை குருபகவானுக்குச் செலுத்த வேண்டும். அன்று புதன்.

வழியில் திருமயம் கோட்டை தெரிந்தது. 1687-ல் சேதுபதி மன்னர் கட்டியது. புதுக்கோட்டையில் பஸ் மாறி, சுமார் 20 கிலோ மீட்டர் சென்று ஆலங்குடியில் இறங்கினோம்.

"குரு கோயில் எங்கே?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் சிரித்தார்.

"அண்ணே, அது கும்பகோணம் பக்கத்து ஆலங்குடி. இது புதுக்கோட்டை ஆலங்குடி!"

எனக்குத் தலை சுற்றியது. நூறு கிலோ மீட்டருக்கு மேல் வழி தவறி இருந்தோம்!

அம்மா அழவில்லை

"வந்தது வந்தீர்கள். எங்கள் ஊர் நாமபுரீசுவரரைப் பார்த்துவிட்டுப் போங்கள், ஆத்தா" என்றார் அவர்.

போனோம். சிவன் கோயில்களில் தெற்கு நோக்கி தட்சிணாமூர்த்தி இருப்பார் அல்லவா? அம்மா அவர் முன் கைகூப்பினார்.

"காணிக்கையை இங்கேயே போட்டுவிடுங்கள் அம்மா" என்றேன்.

"எந்த சந்நிதியை நினைத்து முடிந்தேனோ, அங்கேதான் அவிழ்ப்பேன்" என்றார்.

டயர் வெடித்தது!

திரும்பும் வழியில் இன்னொரு சோதனை. திருவரங்குளம் அருகே 'டமார்' என்று டயர் வெடித்தது! அரங்குளநாதர் கோயில் நடை சாத்தி இருந்தது. வெளியே நிழலில் உட்கார்ந்தோம்.

அந்த வழியாக ஓர் ஆட்டோ வந்தது. "போகிற வழியில் பழைய கோட்டை இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்றார் டிரைவர்.

அதுதான் பொற்பனைக்கோட்டை.

சங்க காலத்துக் கோட்டை இது. மதில் இடிந்து மண்மேடாகிவிட்டது. சுற்றிலும் அகழி இருந்த அடையாளம் உண்டு. பழைய தமிழி எழுத்து பொறித்த நடுகல்லும் இங்கே கிடைத்தது. 2023-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டியபோது, சிறிய பொன் அணி ஒன்றும், சூதுபவள மணியும் கிடைத்தன.

அம்மா மண்ணைப் பார்த்தபடி நின்றார்.

"எவள் தொலைத்தாளோ! அன்று எப்படித் தேடியிருப்பாள்!" என்றார். அவர் கை, இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

கடன் தீர்ந்தது

இரவு புதுக்கோட்டையில் தங்கினோம். விடியற்காலையில் தஞ்சாவூர் பஸ். அங்கிருந்து கும்பகோணம். பிறகு நீடாமங்கலம் சாலையில் சுமார் 17 கிலோ மீட்டர்.

திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி! திருஞானசம்பந்தர் பாடிய திருஇரும்பூளை இதுதான். ஆபத்சகாயேசுவரர் கோயிலில் அன்று நல்ல கூட்டம். வரிசை நகர நகர, அம்மா முடிச்சை அவிழ்த்தார்.

நீங்களும் வெளியூர் போகிறீர்களா? ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சொல்லிக் கேளுங்கள். திருப்பத்தூரும் இரண்டு உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் ஒன்று. வேலூருக்குத் தென்மேற்கே ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கேட்டான்: "ஆலங்குடி பார்த்தீர்களா, அம்மா?"

"பார்த்தேன். இரண்டையும் பார்த்தேன்!" என்றார் அம்மா.