கூரையின் கீழ் – 9: இருண்ட நடுவீட்டுக்கு மேலிருந்து வெளிச்சம்

கூரையைத் திறந்து வீட்டுக்குள் வெளிச்சம் இறக்கும் வேலை மலாக்காவுக்குப் புதிதல்ல. துன் டான் செங் லோக் சாலையில், பழையவர்கள் ஹீரன் ஸ்ட்ரீட் என்று சொல்லும் அந்தத் தெருவில், வீடுகள் முகப்பில் குறுகியும் பின்னால் நீண்டும் கிடக்கின்றன. இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். ஜன்னல் வைக்க முன்னும் பின்னும் மட்டுமே இடம் உண்டு. ஆகவே வீட்டின் நடுவே கூரையை விட்டுவிட்டு, வானத்தைப் பார்த்தபடி ஒரு முற்றத்தைத் திறந்து வைத்தார்கள். டச்சுக்காரர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, பதான் வாரிசான் மலேசியா அமைப்பு மீட்டெடுத்த 8-ஆம் எண் வீட்டுக்குள் போனால் அந்தப் பழைய அமைப்பைப் பார்க்கலாம். அதே தெருவில் பாபா நியோஞா அருங்காட்சியகமாக இருக்கும் 48, 50-ஆம் எண் வீடுகளிலும் முற்றம்தான் நடுவீட்டை வாழவைக்கிறது.

அந்த முற்றம் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்தது. வெளிச்சம் கீழே இறங்கியது. வீட்டில் சூடேறிய காற்று அதன் வழியே மேலேறி வெளியே போக, வாசலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. கூரைச் சரிவில் வழிந்த மழை முற்றத்துத் தரையில் விழுந்து, அங்கேயே வெட்டிய வடிகாலில் ஓடியது. செட்டிநாட்டு வீட்டின் வளவும் இதே கணக்கில் அமைந்ததுதான். மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு ஒருசீர்க் கட்டட விதிகளிலும் இந்த முற்றத்துக்கு இடம் இருக்கிறது. இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்தில் அது 7 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது; அகலம் 2.5 மீட்டராவது வேண்டும்.

தோட்டத்து வீட்டின் கதை வேறு. டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும், அதன் பிறகு புக்கிட் அசகானிலும் ரப்பர் நட்டதிலிருந்து மலாக்காவின் ரப்பர் தோட்ட வரலாறு தொடங்குகிறது. ஜாசின், தெபோங், மெர்லிமாவ் பக்கமெல்லாம் தோட்டங்கள் பெருகின. தமிழர்களுக்கு லயங்கள் எழும்பின. நீண்ட ஒரே தகரக் கூரை, அதன் கீழே அடுத்தடுத்துக் குடும்பங்கள். தடுப்புச் சுவர் கூரை வரை போகாத லயங்களில் மேல் இடைவெளி வழியே கொஞ்சம் காற்றும் கொஞ்சம் வெளிச்சமும் பக்கத்து வீட்டுப் பேச்சும் வந்தன. விறகடுப்புப் புகையில் கறுத்த அடுப்படியில் மட்டும் பகலிலும் இருட்டுதான். ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு, அதே நெளிவுள்ள, ஒளி ஊடுருவும் கண்ணாடியிழைத் தகடு ஒன்றைச் செருகிவிடுவது அதற்குக் கண்ட வழி. மலிவான, நியாயமான வழி. ஆனால் வெயிலில் அந்தத் தகடு சில ஆண்டுகளில் மஞ்சளாகி, மேற்பூச்சு தேய்ந்து நார் வெளியே தெரியும். பிறகு அதில் தூசும் பாசியும் பிடித்து வெளிச்சம் பாதியாகிவிடும்.

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் இன்று வாழும் தாமான் வீடுகள் பெரும்பாலும் வரிசை வீடுகள். 20 அடி அகலம், 65 அல்லது 70 அடி நீளம் என்பது வழக்கமான அளவு. விதிப்படி குடியிருப்பு அறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு ஜன்னல் வேண்டும். அதே தரைப்பரப்பில் 5 விழுக்காடாவது காற்றுக்குத் திறக்க வேண்டும். கட்டி ஒப்படைக்கும்போது இது சரியாகவே இருக்கும். பிறகு பின்வாசலை மூடிச் சமையலறையை நீட்டுகிறார்கள். நடு அறையின் ஜன்னல் இன்னொரு அறைக்குள் திறக்கத் தொடங்குகிறது. சாமி அறை, படிக்கட்டு, சாப்பாட்டு மேசை எல்லாம் பகலிலும் விளக்குப் போட வேண்டிய இடங்களாகிவிடுகின்றன. கூரைச் சாளரம், கான்ட்ராக்டர்கள் சொல்லும் ஸ்கைலைட், தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

வடிவமைப்பு சூரியனிலிருந்து தொடங்க வேண்டும். மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு 2 பாகை வடக்கே இருக்கிறது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. ஜூன், டிசம்பரிலும் உச்சியிலிருந்து 20, 25 பாகைதான் சாய்கிறது. மலேசிய நேரப்படி உச்சிவேளை ஏறத்தாழ பிற்பகல் 1.10. கடைகளில் படம் காட்டும் ஐரோப்பியக் கூரை ஜன்னல்கள் இதற்கு நேர்மாறான வானத்துக்காகப் பிறந்தவை. வில்லும் கான் ராஸ்முசென் 1941-இல் வெலக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டென்மார்க்கில், குளிர்கால நடுப்பகல் சூரியன் தொடுவானிலிருந்து 11 பாகைதான் எழும்பும். அங்கே கூரையைச் சாய்வாகத் திறப்பது வெயிலைத் தேடிப் பிடிப்பதற்கு. இங்கே வெயிலைத் தேட வேண்டியதில்லை. அதைத் தவிர்த்து, வானத்தின் வெளிச்சத்தை மட்டும் எடுப்பதில்தான் திறமை இருக்கிறது.

தெளிந்த வானத்தில், உச்சிவேளையில், ஒரு சதுர மீட்டர் கூரைமீது சுமார் 1,000 வாட் வெயில் விழுகிறது. சாதாரணத் தெளிவான கண்ணாடி அதில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். அறைக்குள் ஓர் இஸ்திரிப் பெட்டியைச் சுடவிட்டு வைத்ததைப் போன்றது அது. வெளிச்சக் கணக்கைப் பார்த்தால் இத்தனை பெரிய திறப்பு தேவையே இல்லை. நடுப்பகலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் வரை வெளிச்சம் இருக்கும்; உட்கார்ந்து படிக்க 300 லக்ஸ் தாராளம். 100 சதுர அடி அறைக்கு 3 அல்லது 4 சதுர அடிக் கண்ணாடி போதும். “பெரிதாக வைத்தால் அழகாக இருக்கும்” என்று யோசனை சொல்பவர், பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்து பார்த்தவராக இருக்க மாட்டார்.

இந்த ஊருக்கு மிகவும் பொருந்துவது, கூரையின் ஒரு பகுதியை மேலே தூக்கி, அதன் பக்கவாட்டில் கண்ணாடியும் காற்றுச் சட்டங்களும் வைக்கும் தூக்குக் கூரை; ஜேக் ரூஃப் என்பார்கள். அதன் திறப்பு வடக்கையோ தெற்கையோ பார்த்திருந்தால், 2 அடி உயரக் கண்ணாடிக்கு ஓர் அடி இறவாணமே டிசம்பர் மாத நடுப்பகல் வெயிலைத் தடுத்துவிடும். கிழக்கும் மேற்கும் கூடாது. அங்கே சூரியன் தாழ்ந்து நேராக உள்ளே வரும். மேலே சேரும் சூடான காற்றும், சாமி அறையின் சாம்பிராணிப் புகையும், தாளிப்பு நெடியும் அந்தச் சட்டங்கள் வழியே வெளியேறும். செலவு கூடுதல்தான். ஆனால் முற்றம் செய்த வேலையில் பெரும்பங்கை இது செய்கிறது; மூடிய கண்ணாடிப் பெட்டியால் அது முடியாது.

அதற்கு இடமில்லாத வீட்டில் தட்டையான கண்ணாடி வைக்கலாம். தலைக்கு மேல் வைக்கும் கண்ணாடி, இரண்டு தகடுகளுக்கு நடுவே பிசின் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகையாகவே இருக்க வேண்டும். உடைந்தாலும் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். வெறும் டெம்பர்டு கண்ணாடி உடைந்தால் மொத்தமும் பொடிக்கற்களாகக் கீழே கொட்டும். வெப்பத்தைக் குறைக்கும் லோ-இ பூச்சுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. பாலிகார்பனேட் மலிவு, எடையும் குறைவு; ஆனால் வெயிலில் நன்றாக நீளும். 3 மீட்டர் தகடு, இரவுக் குளிருக்கும் பகல் சூட்டுக்கும் இடையில் 8 மில்லிமீட்டர் வரை கூடிக் குறையும். திருகாணியின் பருமனுக்கே துளை போட்டு இறுக்கினால், துளையைச் சுற்றி விரிசல் விட்டு ஒழுகும். துளை பெரிதாக இருக்க வேண்டும், ரப்பர் வளையமும் வேண்டும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுள்ள பக்கம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும். தகட்டின் மேல் ஒட்டிவரும் பாதுகாப்புப் படலத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் அதை உரிக்க வேண்டும்.

பொருத்தும் வேலையில் முதல் விதி, கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தை வெட்டக்கூடாது. இன்றைய வீடுகளின் டிரஸ் ஒவ்வொன்றும் கணக்குப் போட்டுச் செய்தது. ஒரு கையை அறுத்தால் சுமை முழுவதும் பக்கத்துச் சட்டத்தின் மேல் விழும். இரண்டு டிரஸ்களுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறதோ அதுவே சாளரத்தின் அகலம். அளவெடுத்துச் செய்யச் சொல்வதன் பயனே இதுதான்: வீட்டின் கூரைக்குச் சாளரம் இணங்க வேண்டும், கூரை சாளரத்துக்காக அறுபடக்கூடாது.

அடுத்தது தண்ணீர். திறப்பைச் சுற்றிலும் ஓட்டுக்கு மேல் 6 அங்குலமாவது எழும்பும் சட்டம் வேண்டும். அதைச் சுற்றி ஈயம் அல்லது அலுமினியத் தகடு. கீழ்ப்பக்கத்துத் தகடு ஓட்டின் மேலே படிய வேண்டும். பக்கத் தகடுகள் ஓட்டின் அடியில் புகுந்து மேல்நோக்கி மடிய வேண்டும். மேல்பக்கத் தகடு மேல் வரிசை ஓட்டின் அடியில் ஆழமாகச் செருகி, நடுவில் சற்று மேடாக்கி, வரும் தண்ணீரை இரு பக்கமும் பிரித்துவிட வேண்டும். கீழிருந்து மேலாக அடுக்கினால் ஒவ்வொரு தகடும் தனக்குக் கீழே உள்ளதை மூடும். தண்ணீருக்கு உள்ளே போக வழியிருக்காது. இதைச் செய்யாமல் சுற்றிலும் சிலிக்கான் பூசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சில ஆண்டுகளில் அது சுருங்கி ஓரம் விடும். ஒழுகும் ஸ்கைலைட்டுகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் கண்ணாடியில் இல்லை, இந்தத் தகட்டு வேலையில்தான்.

மலாக்கா நீரிணைக் கரையில் மழை எப்போதும் நேராக விழுவதில்லை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியற்காலையில், ‘சுமத்ரா’ என்று பெயர் பெற்ற புயற்காற்று வரிசை நீரிணையைத் தாண்டி வந்து மழையைப் பக்கவாட்டில் அடிக்கும். சரிவில் வழியும் தண்ணீரைக்கூட அது மேல்நோக்கித் தள்ளும். ஆகவே கூரையைத் திறக்கும் வேலைக்கு ஆண்டின் முதல் இரண்டு மாதங்கள் நல்லவை. வேலை முடிந்ததும் ரப்பர் குழாயால் தண்ணீர் அடித்துச் சோதிக்க வேண்டும்: முதலில் கீழ்ப்பக்கம் பத்து நிமிடம், பிறகு பக்கங்கள், கடைசியாக மேல்பக்கம். எடுத்தவுடன் மேலிருந்து அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று பிடிபடாது. மீதிப் பணத்தை இந்தச் சோதனைக்குப் பிறகு கொடுப்பதே முறை.

பழைய முற்றத்துக்கு மேல் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போட்டு மூடுகிறவர்கள், அதைச் சுவரோடு ஒட்டி மூடாமல் ஓர் அடியாவது உயர்த்தி, சுற்றிலும் காற்றுச் சட்டம் விட வேண்டும். நகரின் பழைய பகுதி 2008 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கூரையில் கைவைக்கும் முன் மாநகர் மன்றத்தின் அனுமதி கட்டாயம். தாமான் வீடுகளிலும் கூரையை மாற்றும் வேலை 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வருகிறது. அலோர்காஜாவானாலும் ஜாசினானாலும் ஊராட்சி மன்றத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. பழைய வீடுகள் சிலவற்றின் கூரையும் உட்கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடு. அதை ரம்பத்தால் அறுத்தாலோ துளைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும். நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வரலாம். வீட்டின் வயதையும் தகட்டின் வகையையும் தெரிந்துகொள்ளாமல் யாரையும் கூரையில் ஏற்றாதீர்கள். சந்தேகம் இருந்தால், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அந்தத் தகடுகளை முழுதாகக் கழற்றி மாற்றிய பிறகே சாளரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

(தொடரும்)