கடிதம் ஒருநாள் முன்பே வந்திருந்தால்?

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை நீங்கள் படித்திருக்கலாம், அல்லது படமாகப் பார்த்திருக்கலாம். முடித்ததும், “நாயகி முதலிலேயே சம்மதம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்று ஒரு நொடியாவது தோன்றியிருக்கும். அந்த நினைப்பையே கதையாக எழுதுவது ஒரு தனி வகை. அதை மாற்றுக்கதை (மூலக்கதையின் ஒரு நிகழ்வை மட்டும் மாற்றி, அங்கிருந்து வேறு வழியில் கொண்டுபோவது) என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.

நாவலே தெரியாதே என்கிறீர்களா? சுருக்கம் இதுதான். லாங்போர்ன் என்ற ஊரில் பென்னட் தம்பதிக்கு ஐந்து பெண்கள். இரண்டாமவள் எலிசபெத். பெரும் பணக்காரனான டார்சி அவளை முதலில் மட்டமாகப் பேசுகிறான், பிறகு காதலித்து, மணந்துகொள்ளக் கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அவன் தன் பக்கத்து நியாயத்தைக் கடிதமாக எழுதித் தருகிறான். இதற்கிடையே கடைசித் தங்கை லிடியா, விக்கம் என்ற ஏமாற்றுக்காரனுடன் ஓடிப்போகிறாள். டார்சி வெளியே தெரியாமல் பணம் கொடுத்து அந்தத் திருமணத்தை நடத்தி வைக்கிறான். கடைசியில் எலிசபெத்தும் டார்சியும் இணைகிறார்கள்.

தழுவலும் இதுவும் ஒன்றுதானா? இல்லை. 2000-இல் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது. அது தழுவல்: இடமும் காலமும் மாறிவிட்டன. மாற்றுக்கதையில் இடம், காலம், மனிதர்கள் எல்லாம் அப்படியே இருக்கும். மாறுவது ஒரு நிகழ்வுதான்.

அடுத்தவர் கதையைத் தொடலாமா, வழக்கு வராதா? நாவல் வெளிவந்தது 1813-இல். ஆஸ்டின் 1817-இல் இறந்துவிட்டார். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். பின்னால் வந்த படங்களும் தொடர்களும் சேர்த்த காட்சிகள் ஆஸ்டினுடையவை அல்ல. டார்சி குளத்தில் குதித்து ஈரச் சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வந்து நிற்பது 1995-இல் வந்த பிபிசி தொடரில்தான், நாவலில் கிடையாது. அதுபோன்றவற்றை எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைப் படித்து எழுதினாலும், அதன் வாக்கியங்கள் மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தம்.

சரி, எதை மாற்றுவது? பெரிய நிகழ்வைத் தேடாதீர்கள். சின்னதாக, தற்செயலாக நடந்த ஒன்றைத் தேடுங்கள். நாவலிலேயே அப்படிப்பட்டவை நிறைய உண்டு. மழை வரும்போல இருப்பதால்தான் அம்மா, மூத்தவள் ஜேனை டார்சியின் நண்பன் பிங்லியின் வீட்டுக்கு வண்டியில் அனுப்பாமல் குதிரையில் அனுப்புகிறாள். நனைந்தால் இரவு அங்கேயே தங்குவாள் என்ற கணக்கு. ஜேனுக்குக் காய்ச்சல் வருகிறது. அக்காவைப் பார்க்க எலிசபெத் சேற்றில் மூன்று மைல் நடந்து போகிறாள், டார்சி இருக்கும் வீட்டிலேயே சில நாள் தங்குகிறாள். அன்று மழை பெய்யாவிட்டால் இத்தனையும் இல்லை.

இன்னும் சின்னது ஒன்று சொல்கிறேன். லிடியா ஓடிப்போன செய்தியை ஜேன் எழுதிய முதல் கடிதம் வழிதவறிப் போகிறது. பதற்றத்தில் முகவரியைக் கிறுக்கலாக எழுதியிருந்தாள். அதனால் இரண்டு கடிதங்கள் ஒரே காலையில், வெளியூர்ப் பயணத்தில் இருக்கும் எலிசபெத்தின் கைக்கு வருகின்றன. படித்து நடுங்கி நிற்கும்போது டார்சி உள்ளே வருகிறான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

முதல் கடிதம் ஒருநாள் முன்பே வந்திருந்தால்? முந்தைய நாள்தான் அவள் டார்சியின் மாளிகைக்குப் போய் அவன் தங்கை ஜார்ஜியானாவைப் பார்க்கிறாள். பிங்லியின் சகோதரி அங்கே விக்கமை மனத்தில் வைத்துக் குத்தலாகப் பேசுகிறாள். நாவலில் எலிசபெத் அமைதியாகப் பதில் சொல்லிச் சமாளிக்கிறாள். இப்போதோ, தன் தங்கை அந்த விக்கமுடன்தான் போயிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். எதிரே இருக்கும் ஜார்ஜியானாவையும் பதினைந்து வயதில் அதே விக்கம் ஓடிவரச் சம்மதிக்க வைத்தான் என்பதும் டார்சியின் கடிதத்தால் தெரியும். ஒரே அறையில் இவ்வளவையும் மனத்தில் அடக்கிக்கொண்டு தேநீர் குடிக்க முடியுமா? இதோ, உங்களுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது.

மாற்றிய பிறகு என்ன செய்வது? ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது, யார் மூலம் தெரிந்தது. முதல் வேண்டுகோளுக்கே எலிசபெத் சம்மதித்துவிட்டாள் என்று எழுதுகிறீர்கள் என்றால், டார்சி அந்த விளக்கக் கடிதத்தை எழுதவே மாட்டான். அவளுக்கு விக்கமின் உண்மை முகம் தெரியாது. டார்சியின் ஆணவமும் அடிபடாது. திருமணம் சீக்கிரம் நடந்துவிடும். நல்ல திருமணமாக இருக்குமா என்பதுதான் கேள்வி. இந்தப் பட்டியலைப் போடாமல் எழுதினால், பத்தாம் அத்தியாயத்தில் ஒருத்தி தனக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத ஒன்றைப் பேசிக்கொண்டிருப்பாள்.

அந்தக் கால இங்கிலாந்து எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் தெரிய வேண்டாம். இந்தக் காலத்தை ரீஜென்சி (அரசர் மனநலம் குன்றியதால் மகன் அவர் சார்பில் ஆண்ட 1811–1820) என்பார்கள். கதையை நகர்த்துவது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்தான்: பணம், சட்டம், கடிதம்.

பணம்: பென்னட்டின் ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு, டார்சிக்கு 10,000. பென்னட்டின் நிலம் என்டெயில் (ஆண் வாரிசுக்கே போகும்படி கட்டிவைத்த சொத்து) ஆனதால், அவர் இறந்தால் தூரத்து உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். மனைவிக்கும் பெண்களுக்கும் எழுதிவைத்தது 5,000 பவுண்டு. நூற்றுக்கு நான்கு வட்டி என்றால் ஆண்டுக்கு 200. அப்பா பாதிக் கதையில் இறந்துபோகிறார் என்று நீங்கள் எழுதினால், ஆறு பெண்கள் அந்த 200-இல் வாழ வேண்டும். அப்போது, மணக்கக் கேட்ட காலின்ஸை மறுத்த எலிசபெத்தை அம்மா எப்படிப் பார்ப்பாள் என்று யோசியுங்கள்.

சட்டம்: அன்றைய இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணமுடிக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஸ்காட்லாந்தில் வேண்டாம். ஓடிப்போகிறவர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் என்ற ஊருக்குப் போவது இதனால்தான். அன்று மணமுறிவு கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதற்கு நாடாளுமன்றமே தனிச்சட்டம் போட வேண்டும். எனவே அவசரத் திருமணத்தை எழுதிவிட்டு, நான்கு அத்தியாயம் கழித்து அதைக் கலைத்துவிட முடியாது.

கடிதம்: நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவது முறையல்ல. டார்சி தன் கடிதத்தைத் தபாலில் போடாமல் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறான். உங்கள் கதையில் இருவரும் வாராவாரம் தபாலில் பேசிக்கொண்டால், ஆஸ்டினைப் படித்தவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

தமிழில் எழுதும்போது இன்னொரு சிக்கல் வரும். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே முன்னிலைச் சொல். தமிழில் ‘நீ’யா ‘நீங்கள்’ஆ என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் காலத்து வழக்கம் மிகவும் மரியாதை பார்ப்பது. பென்னட்டின் மனைவி கணவரையே ‘மிஸ்டர் பென்னட்’ என்றுதான் கூப்பிடுகிறாள். ஆகவே எலிசபெத்துக்கும் டார்சிக்கும் இடையே ‘நீங்கள்’ நிலைக்கட்டும். அவன் முதன்முதலாக ‘நீ’ என்று சொல்லும் இடத்தை ஒரே ஒரு காட்சிக்காகச் சேமித்து வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்காத வசதி இது.

பெரும்பாலும் எங்கே தவறு நடக்கிறது? நிகழ்வை மாற்றப் போய் மனிதர்களையும் மாற்றிவிடுவதில். முதல் பக்கத்திலிருந்தே பணிவாகப் பேசும் டார்சி, கேலி செய்யத் தெரியாத எலிசபெத் என்றால், பெயர்தான் மிஞ்சும். புதிய சூழ்நிலையில் பழைய மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பதைக் காணத்தான் வாசகர் வருகிறார். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ சிறுகதையை நினைத்துப் பாருங்கள். இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்ற செய்தி, அதே இராமனால் சாபம் நீங்கிய அகலிகையின் காதில் விழுகிறது. அதற்குப் பிறகு அவள் என்ன ஆவாள் என்பதை அவளுடைய துயரமே முடிவு செய்கிறது.

முழு நாவலும் எழுத வேண்டும் என்று மலைக்க வேண்டாம். நாவலை மறுபடி எடுத்து, தற்செயலாக நடந்த ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அதற்கு அடுத்த காட்சியை மட்டும் இரண்டு பக்கம் எழுதுங்கள். அந்த இரண்டு பக்கத்தில் எலிசபெத் எலிசபெத்தாகவே பேசினால் தொடருங்கள். பேசாவிட்டால் கோட்டை அழித்துவிட்டு வேறு இடம் பாருங்கள்.