செல்போனுக்குத் தடை, வீட்டுக்குப் போகாத கோட், தோற்றாலும் பேட்டி... அகஸ்டா மைதானத்தின் அதிசய வழக்கங்கள்!

2021 ஏப்ரல் 8. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானம். காலை வேளை. முதல் பந்தை அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நாற்காலியில் 86 வயதுப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். அவருடன் கோல்ஃப் உலகின் இரண்டு ஜாம்பவான்கள், ஜாக் நிக்லஸும் கேரி பிளேயரும்.

போட்டியைத் தொடங்கிவைக்கும் சம்பிரதாயப் பந்துகளை அந்த இருவரும் அடிக்கப்போகிறார்கள். பெரியவரால் அடிக்க முடியாது. பெயரைச் சொன்னதும் மெல்ல எழுந்து, தன் மட்டையை உயர்த்திக் காட்டுகிறார். கூட்டம் கைதட்டுகிறது.

அவர் பெயர் லீ எல்டர். ஒரு பந்துகூட அடிக்காத அவருக்கு ஏன் அந்தக் கைதட்டல்? அதற்கு முன்னால், அந்த மைதானத்தின் விநோத வழக்கங்களைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடுவோம். அந்தக் கைதட்டலின் அர்த்தம் தானாகப் புரியும்.

ஒன்றரை டாலர் சாண்ட்விச்

ஆண்கள் கோல்ஃபில் ஆண்டுக்கு நான்கு பெரிய போட்டிகள். 'மேஜர்' என்பார்கள். ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதம் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப், ஜூனில் யு.எஸ். ஓப்பன், ஜூலையில் பிரிட்டனின் 'தி ஓப்பன்'. மற்ற மூன்றும் ஊர் ஊராக மாறும். மாஸ்டர்ஸ் மட்டும் 1934 முதல் இன்றுவரை ஒரே இடம்தான், அகஸ்டா. பழைய நாற்றுப் பண்ணை இருந்த நிலம் என்பதால், அங்குள்ள 18 ஆட்டக் களங்களுக்கும் செடி, மரங்களின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள்.

உள்ளே நுழையும்போதே முதல் அதிர்ச்சி, செல்போன் கூடாது. அவசரமாகப் பேச வேண்டுமா? மைதானத்திலேயே இலவசத் தொலைபேசிகள் வரிசையாக வைத்திருப்பார்கள். ஓடக் கூடாது, நடந்துதான் போக வேண்டும். விடியற்காலையில் வந்து நமக்குப் பிடித்த இடத்தில் நாற்காலியைப் போட்டுவிட்டு நாள் முழுக்கச் சுற்றி வரலாம். யாரும் அதை எடுத்துப்போக மாட்டார்கள். காலியாக இருக்கும்போது வேறொருவர் உட்காரலாம். உரியவர் வந்தால் எழுந்துவிட வேண்டும்.

பெரிய போட்டி என்றால் தண்ணீர் பாட்டிலுக்கே சொத்தை எழுதித்தர வேண்டும் என்று நினைப்போம். இங்கே சீஸும் மயோனீஸும் சிவப்பு மிளகாய்த் துண்டுகளும் கலந்த புகழ்பெற்ற பிமென்டோ சீஸ் சாண்ட்விச்சின் விலை ஒன்றரை டாலர். நம் பணத்தில் சுமார் 130 ரூபாய்தான்.

ரசிகர்களை 'ரசிகர்கள்' என்று சொல்வதுகூட இங்கே வழக்கமில்லை. 'பேட்ரன்ஸ்' என்பார்கள். ஆதரவாளர்கள் என்று பொருள். 1966-ல் ஜாக் விட்டேக்கர் என்ற தொலைக்காட்சி வர்ணனையாளர், கூட்டத்தைக் குறிக்கக் 'கும்பல்' என்ற பொருள்படும் சொல்லைப் பயன்படுத்திவிட்டார். அடுத்த சில ஆண்டுகளுக்கு மாஸ்டர்ஸ் ஒளிபரப்பில் அவருக்கு இடமில்லை. 1994-ல் கேரி மெக்கார்டு, வழவழப்பான புல்தரையை அழகு நிலையத்தில் மெழுகு வைத்து முடி நீக்குவதோடு ஒப்பிட்டுக் கிண்டலடித்தார். அவரும் அதன்பிறகு அங்கே மைக் பிடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகாத கோட்

மாஸ்டர்ஸின் அடையாளம் பச்சை கோட். 1937-ல் கிளப் உறுப்பினர்கள் இதை அணியத் தொடங்கினார்கள். பார்வையாளர்களுக்கு ஏதாவது உதவி தேவைப்பட்டால் யாரைக் கேட்பது என்று சட்டெனத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். 1949-ல் சாம் ஸ்னீட் ஜெயித்தபோது, வெற்றியாளருக்கும் ஒன்று கொடுத்தார்கள். அன்றிலிருந்து, முந்தைய ஆண்டு சாம்பியன் புதிய சாம்பியனுக்கு அணிவிப்பது வழக்கமாகிவிட்டது.

1966-ல் ஒரு சிக்கல். முந்தைய ஆண்டு ஜெயித்த ஜாக் நிக்லஸே மறுபடியும் ஜெயித்துவிட்டார். யார் அணிவிப்பது? அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்!

ஜெயித்தவர் இந்தக் கோட்டை ஓராண்டுதான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பிறகு கிளப்புக்கே கொண்டுவந்துவிட வேண்டும். வரும்போது அணிந்துகொள்ளலாம். 1961 சாம்பியன் கேரி பிளேயர் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனவர், திரும்பக் கொண்டுவரவில்லை. கிளப் தலைவர் தொலைபேசியில் கேட்டதற்கு, 'வேண்டுமானால் நீங்களே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பதில் சொன்னதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது.

மற்ற உடைகளிலும் கண்டிப்பு உண்டு. 2024-ல் ஆஸ்திரேலிய வீரர் ஜேசன் டே, பெரிய பெரிய எழுத்துகள் அச்சிட்ட கையில்லாத ஸ்வெட்டர் அணிந்து வந்தார். அதைக் கழற்றச் சொன்னார்கள். மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டார். ஆனாலும், கண்டிப்புக்கு நடுவே தனி முத்திரை பதித்தவர்கள் உண்டு. டைகர் வுட்ஸ் கடைசி நாளான ஞாயிறன்று எப்போதும் சிவப்புச் சட்டைதான். சிவப்பு தன் மகனுக்கு வலிமை தரும் நிறம் என்று தாய்லாந்தில் பிறந்த அவரின் அம்மா நம்பினார். அம்மா சொன்னதை மகன் கடைசிவரை தட்டவில்லை.

முந்தைய ஆண்டு சாம்பியன், போட்டி வாரத்தில் பழைய சாம்பியன்களுக்கெல்லாம் விருந்து வைக்க வேண்டும். 1952-ல் பென் ஹோகன் தொடங்கிய வழக்கம் இது. மெனு, விருந்து வைப்பவரின் விருப்பம். 21 வயதில் ஜெயித்த டைகர், அடுத்த ஆண்டு சீஸ்பர்கரும் மில்க்‌ஷேக்கும் பரிமாறினார். 2000-ல் ஜெயித்த, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஃபிஜி வீரர் விஜய் சிங் தாய்லாந்து உணவு வகைகளை வைத்தார்.

தோற்றவனிடம் மைக்கை நீட்டலாமா?

இதுவரை சொன்னதெல்லாம் சுவாரஸ்யம். மனதைத் தொடுவது ஆட்டம் முடிந்தபின் நடக்கும் பேட்டிகள்தான்.

1968 ஏப்ரல் 14. அர்ஜென்டினா வீரர் ரொபெர்டோ டி விசென்ஸோவுக்கு அன்று 45-வது பிறந்தநாள். கூட்டமே அவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியது. அன்று அவர் 65 அடிகளில் ஆட்டத்தை முடித்தார். கோல்ஃபில் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். நான்கு நாள் கணக்கில் பாப் கோல்பியும் அவரும் சமம். மறுநாள் இருவருக்கும் இடையே தீர்மான ஆட்டம் நடக்க வேண்டும்.

ஆனால், ஒரு வீரரின் மதிப்பெண் அட்டையை உடன் ஆடுபவர்தான் எழுதுவார். சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியது ஆடியவரின் பொறுப்பு. உடன் ஆடிய டாமி ஆரன், 17-வது களத்தில் 3 என்பதற்குப் பதிலாக 4 என்று எழுதிவிட்டார். டி விசென்ஸோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையெழுத்திட்ட கணக்கு கூடுதலாக இருந்தால் அதுவே இறுதி என்பது விதி. டி.வி-யில் பார்த்த அத்தனை பேருக்கும் 3 என்று தெரியும். இருந்தும் ஓர் அடியில் கோப்பை போனது.

பத்திரிகையாளர்கள் முன் அவர் ஆரனைக் குறை சொல்லவில்லை, விதியையும் திட்டவில்லை. 'நான் எப்படிப்பட்ட முட்டாள்!' என்று தன் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். கோப்பையை இழந்தவரை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு வரிக்காகத்தான். ஐந்தாண்டுகள் கழித்து, 1973-ல் ஒரு வேடிக்கை. டாமி ஆரனின் அட்டையில் உடன் ஆடியவர் ஓர் அடி கூட்டி எழுதிவிட்டார். ஆரன் சரிபார்த்துப் பிழையைத் திருத்தினார். அந்த ஆண்டு மாஸ்டர்ஸ் கோட் அவருக்குத்தான்!

அடுத்து ரோரி மெக்கில்ராய். 2011-ல், 21 வயதில், நான்கு அடி முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கினார். 80 அடிகள் ஆகிவிட்டது, எல்லாம் போயிற்று. அப்படியே ஓடி ஒளிந்திருக்கலாம். கேமராக்கள் முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அடுத்த 14 ஆண்டுகளும் 'மாஸ்டர்ஸ் எப்போது?' என்ற கேள்வி அவரைத் துரத்தியது. 2025-ல் ஜஸ்டின் ரோஸைக் கூடுதல் ஆட்டத்தில் வென்று, கோட்டைப் போட்டுக்கொண்டு பேட்டிக்கு வந்தவர், முதல் கேள்வியைத் தானே கேட்டார்: "அடுத்த வருஷம் நாமெல்லாம் எதைப் பத்திப் பேசப்போறோம்?"

அதே மெக்கில்ராய்தான், அந்தப் போட்டியின் முதல் நாள் ஆட்டம் சொதப்பியதும் யாரிடமும் பேசாமல் கிளம்பிப்போனார். அடுத்த மாதம் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் நான்கு நாளும் பத்திரிகையாளர்களைச் சந்திக்கவில்லை. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 'எங்கள் அன்பால்தானே அவருக்கு இத்தனை கோடி, இரண்டு நிமிடம் பேசினால் என்ன?' என்றது ஒரு தரப்பு. 'மனசு உடைந்து வருபவரிடம் மைக்கை நீட்டுவது என்ன மரியாதை?' என்றது இன்னொன்று.

டென்னிஸில் இதற்கு விதியே உண்டு. 2021 பிரெஞ்சு ஓப்பனில் பேட்டிக்கு வராத நவோமி ஒசாகாவுக்கு 15,000 டாலர் அபராதம் விதித்தார்கள். மனநலம் கருதி அவர் போட்டியிலிருந்தே விலகினார். கோல்ஃபில் அப்படிக் கட்டாயம் இல்லை. தோற்றவன் பேசுவது வெறும் பழக்கம், ஒரு மரியாதை. கட்டாயம் இல்லாததால்தான் டி விசென்ஸோ சொன்ன அந்த வரிக்கு இத்தனை மதிப்பு. அபராதத்துக்குப் பயந்து சொல்லியிருந்தால் யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

மூடியிருந்த வாசல்

இப்போது லீ எல்டருக்கு வருவோம்.

கோல்ஃபில் வீரரின் மட்டைப் பையைச் சுமந்து, யோசனையும் சொல்பவர் 'கேடி'. நம்மூர் 'கேடி' அல்ல, மரியாதைக்குரிய வேலை! மாஸ்டர்ஸில் கேடிகள் எல்லோருக்கும் வெள்ளை முழு உடை. 1982 வரை வீரர்கள் அந்த கிளப்பின் கேடிகளைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேடிகள் அனைவரும் கறுப்பினத்தவர். பச்சை கோட் அணிந்த உறுப்பினர்களோ, எல்லோரும் வெள்ளையர். யார் உதவுவார் என்று காட்டுவதற்காக வந்த உடை, யார் எந்தப் பக்கம் என்பதையும் காட்டியது.

வீரர்களிலும் அப்படித்தான். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கமான பி.ஜி.ஏ., 'வெள்ளையர் மட்டும்' என்ற விதியை 1961-ல்தான் நீக்கியது. சார்லி சிஃபோர்டு என்ற கறுப்பின வீரர் 1967, 1969-ல் பெரிய தொடர்களில் ஜெயித்தும், மாஸ்டர்ஸ் அழைப்பு அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை.

லீ எல்டர் பிறந்தது 1934-ல். மாஸ்டர்ஸ் பிறந்த அதே ஆண்டு. முக்கியத் தொடர்களில் ஜெயிப்பவருக்கு மாஸ்டர்ஸில் தானாக இடம் என்ற விதி வந்த பிறகு, 1974-ல் ஃபுளோரிடாவில் ஒரு தொடரை வென்று தகுதிபெற்றார். அடுத்த ஆண்டு, மாஸ்டர்ஸில் ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனார். கொலைமிரட்டல்கள் வந்தன. எங்கே தங்குகிறார் என்று தெரியக் கூடாது என்பதற்காக, அகஸ்டாவில் இரண்டு வீடுகளை வாடகைக்கு எடுத்து மாறி மாறித் தங்கினார். இரண்டு நாளோடு போட்டியிலிருந்து வெளியேறினார். ஆனால், வாசல் திறந்துவிட்டது.

22 ஆண்டுகள் கழித்து, 1997-ல் டைகர் வுட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்து, சிவப்பு உடைமேல் பச்சை கோட் அணிந்தபோது, லீ எல்டரும் அதைப் பார்க்க அகஸ்டாவுக்கு வந்திருந்தார்.

கிளப்பின் கதவு இன்னும் மெதுவாகத் திறந்தது. முதல் கறுப்பின உறுப்பினர் 1990-ல். பெண்களுக்கு 2012-ல்தான் இடம். அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸும் தொழிலதிபர் டார்லா மூரும் அப்போது சேர்ந்தார்கள். முதல் பந்து அடிக்கும் விழாவில் லீ எல்டர் உட்கார, 2021 வரை ஆனது.

குனிந்த தலை

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஜப்பானின் ஹிடேகி மட்சுயாமா ஜெயித்தார். மாஸ்டர்ஸை வென்ற முதல் ஜப்பானியர். எல்லோரும் அவரைச் சூழ்ந்திருக்க, அவரின் கேடி ஷோட்டா ஹயாஃபுஜி மட்டும் கடைசிக் களத்தின் கொடிக்கம்பைத் திரும்ப நட்டார். தொப்பியைக் கழற்றினார். வெறும் புல்வெளியைப் பார்த்துத் தலை குனிந்து வணங்கினார். அந்தச் சில நொடிக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது.

அந்த வணக்கம் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அகஸ்டாவின் பழக்கமும் இல்லை, அவர் தன் ஊரிலிருந்து கொண்டுவந்தது. அவரைப் போன்றவர்கள் உள்ளே வர முடிந்ததால்தான் அகஸ்டாவுக்கு அப்படியொரு காட்சி கிடைத்தது. வாசல் திறந்ததால் எந்த மரபும் கெட்டுப்போகவில்லை. சாண்ட்விச் அதே ஒன்றரை டாலர்தான், கோட் அதே பச்சைதான்.

2021 நவம்பர் 28 அன்று லீ எல்டர் காலமானார். பிறந்த ஆண்டிலேயே பிறந்த போட்டியின் முதல் வரிசையில் அமர, அவருக்கு 86 வயதாக வேண்டியிருந்தது. அதற்கு ஏழே மாதங்களுக்குப் பிறகு அவர் இல்லை. நல்லவேளை, அந்த நாற்காலியை அதற்குள்ளாவது போட்டார்கள்.