ஊர்காவற்றுறை தீர்ப்புச் சொன்ன காலம்

2024 ஜனவரி 21ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பொதுச்சபை திருகோணமலையில் கூடியது. 1949இல் தொடங்கிய கட்சி, தன் தலைவரை வாக்குப்பெட்டி வைத்துத் தெரிவு செய்தது அன்றுதான் முதல் தடவை. போட்டியிட்டவர்களில் சிறீதரனுக்கு 184 வாக்கு, சுமந்திரனுக்கு 137. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். ஆனால் பொதுச்செயலாளர் தெரிவில் இழுபறி வந்தது. மாநாடு தள்ளிப்போனது. வழக்கு நீதிமன்றம் ஏறி, தடையுத்தரவும் வந்தது. வாக்கெடுப்பில் வென்ற தலைவர், கதிரையில் அமரவேயில்லை.

இந்தப் பிணக்கை யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் மூத்தவர்கள் புதினமாகப் பார்க்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் இதே கட்சிக்குள் மூண்ட ஒரு முரண்பாடு, தீர்ப்புக்காக அவர்களுடைய ஊர்காவற்றுறைத் தொகுதியின் வாசலுக்கே வந்தது.

கரம்பனைச் சேர்ந்த வி. நவரத்தினம், கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1957 பண்டா–செல்வா பேச்சுவார்த்தையில் தமிழரசு தரப்பில் இருந்தவர். ஊர்காவற்றுறைத் தொகுதியின் உறுப்பினர் வி. ஏ. கந்தையா மறைந்ததும் 1963 இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். 1965இல் டட்லி சேனாநாயக்காவின் தேசிய அரசாங்கத்துக்குத் தமிழரசு தோள் கொடுத்தது. கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் அமைச்சரானார். கொடுத்த வாக்குறுதிகள் ஒவ்வொன்றாகக் கைநழுவியபோதும் கட்சி அரசோடு ஒட்டி நிற்பதை நவரத்தினம் ஏற்கவில்லை. 1968இல் ஆட்பதிவுச் சட்டமூலத்தில் அந்த முறிவு வெளியே தெரிந்தது. கட்சி அவரை விலக்கியது. அடுத்த ஆண்டு, தனிநாட்டு வாதத்தோடு, அவருடைய தமிழர் சுயாட்சிக் கழகம் பிறந்தது.

1970 தேர்தலுக்குத் தமிழரசு வகுத்த வியூகத்தைக் கவனிக்க வேண்டும். நவரத்தினத்துக்கு எதிராக ஒரு புதுமுகத்தை அது நிறுத்தவில்லை. கிளிநொச்சியின் உறுப்பினராக இருந்த கா. பொ. இரத்தினத்தை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்தது. அவர் வேலணை மண்ணின் மைந்தர், திருக்குறளை ஊர் ஊராகக் கொண்டுபோன பண்டிதர். கரம்பனுக்கு எதிரே வேலணையை நிறுத்திய கணக்கு அது. அதற்குக் கட்சி விலையும் கொடுத்தது: கிளிநொச்சியைத் தமிழ்க் காங்கிரசின் ஆனந்தசங்கரி எடுத்துக்கொண்டார். ஆனால் ஊர்காவற்றுறையில் இரத்தினம் வென்றார். நவரத்தினம் தோற்றார்.

தீவக மக்கள் சமஷ்டியை விரும்பிச் சுயாட்சியை நிராகரித்தார்கள் என்று இதை வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று ஊரில் தமிழரசின் 'வீடு' சின்னம் என்றால் கட்சியை நிறுவிய செல்வநாயகம், செல்வநாயகம் என்றால் தமிழினம். அந்த ஒற்றுமையை உடைப்பவர் எவ்வளவு பெரிய மூளைசாலியாக இருந்தாலும் சனம் வாக்குப் போடத் தயங்கும். ஆறே ஆண்டுகளில், 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டையில், நவரத்தினத்தை விலக்கிய அதே தலைமை தனிநாட்டுத் தீர்மானத்தை எடுத்தது. அடுத்த ஆண்டு அந்தத் தீர்மானத்துக்கே ஆணை கேட்டு, உதயசூரியன் சின்னத்தில், ஊர்காவற்றுறையில் மீண்டும் வென்றவர் இரத்தினம்தான். 1968இலேயே அந்த வாதத்தைக் கட்சிக்குள் திறந்து பேசி, உறுப்பினர்களை வாக்களிக்க விட்டிருந்தால் தமிழர் அரசியல் எந்தத் திசையில் போயிருக்கும்? இது வீண் கேள்வி என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கருத்து மாறுபட்டவரை வெளியே அனுப்பிவிட்டு, அவருடைய கருத்தை மட்டும் பின்னர் எடுத்துக்கொள்வது ஒரு கட்சிக்கு நல்லதே இல்லை.

1978 யாப்பு தொகுதிமுறையை எடுத்துவிட்டு விகிதாசாரத்தைக் கொண்டுவந்தது. ஊர்காவற்றுறை, யாழ். தேர்தல் மாவட்டத்தின் பதினொரு வாக்களிப்புப் பிரிவுகளில் ஒன்றாகச் சுருங்கியது. அந்த முறை காட்டிய விசித்திரமும் தீவகத்தோடுதான் ஒட்டியிருக்கிறது. 1994 ஆகஸ்டில் குடாநாடு புலிகளிடம், தீவுகள் இராணுவத்திடம். வாக்களிப்பு நடந்த இடங்களில் முக்கியமானது தீவகம். சுயேச்சைக் குழுவாக நின்ற, டக்ளஸ் தேவானந்தாவின் ஈ.பி.டி.பி. 10,744 வாக்குகளோடு மாவட்டத்தின் பத்து ஆசனங்களில் ஒன்பதை எடுத்தது. எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத நாடாளுமன்றத்தில் ஒன்பது என்பது பெரிய எண்ணிக்கை. அதிலிருந்து தீவகம் ஈ.பி.டி.பி.யின் சின்னமான வீணையின் கோட்டையானது. 2001 நவம்பர் 28ஆம் திகதி நாரந்தனையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் பிரசார அணி தாக்கப்பட்டு இருவர் கொல்லப்பட்டதும் இதே மண்ணில்தான். கோட்டை என்று எழுதும்போது அந்த இரண்டு உயிர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அந்த வீணையும் ஆசனம் இழந்தது. 1994க்குப் பிறகு முதல் தடவையாக டக்ளஸ் தேவானந்தா நாடாளுமன்றத்தில் இல்லை. தமிழரசுக்கு யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் ஒன்றுதான் கிடைத்தது, தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்கு மூன்று. மட்டக்களப்பில் மூன்று ஆசனம் எடுத்த கட்சி யாழ்ப்பாணத்தில் இப்படி விழுந்ததற்குப் பல காரணம் சொல்லலாம். இரண்டு மாதங்களுக்கு முன் ஜனாதிபதித் தேர்தலில் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிக்க, சிறீதரன் தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்காக மேடையேறினார். வாக்காளர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நவம்பர்த் தேர்தலில் சுமந்திரனும் தோற்றார்.

தலைவரை யார் தெரிவு செய்வது என்ற கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியக் கன்சர்வேட்டிவ் கட்சியில் 2022இல் எம்.பி.க்கள் முன்னிறுத்தியவர் ரிஷி சுனக். உறுப்பினர்கள் தெரிவு செய்தது லிஸ் ட்ரஸ்ஸை. அவர் 49 நாட்களே பதவியில் இருந்தார். ஆனால் அங்கே நீதிமன்றத் தடையுத்தரவு எதுவும் அந்த முடிவை நிறுத்தவில்லை.

தொகுதி போனதில் தீவகம் இழந்தது வேறொன்று. நெடுந்தீவுக்குப் போக வேண்டுமானால் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகைப் பிடித்து ஏறக்குறைய ஒரு மணிநேரம் கடலில் இருக்க வேண்டும். காற்று எழும்பும் நாளில் படகு வராது. வாக்குப்பெட்டிகளே கடற்படையின் உதவியோடுதான் வாக்கெண்ணும் நிலையமான யாழ். மத்திய கல்லூரிக்கு வந்து சேர்கின்றன. விருப்பு வாக்குத் தேடும் வேட்பாளருக்குக் கணக்கு எளிது: ஒரு முழுநாளை நெடுந்தீவின் சில ஆயிரம் வாக்குக்குக் கொடுப்பதைவிட நல்லூரிலும் கோப்பாயிலும் வீடு வீடாகப் போவது லாபம். நயினாதீவுக்கு நாகபூசணி அம்மனைக் கும்பிடப் போகிறவர், எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது.

தொகுதி இருந்த காலத்தில் தீவகத்தைத் தவிர்த்து ஊர்காவற்றுறை எம்.பி. ஆக ஒருவராலும் முடியாதிருந்தது. கலப்புமுறைத் தேர்தல் பற்றி மீண்டும் பேச்சு எழும்போதெல்லாம் தமிழ்க் கட்சிகள் ஆசனக் கணக்கை மட்டும் பார்க்கின்றன. ஊர்காவற்றுறை தனித்தொகுதியாக வேண்டும் என்ற கோரிக்கையையும் அவை மேசையில் வைக்க வேண்டும். தமிழரசு அடுத்த தலைவர் தெரிவுக்குப் போகுமுன் போட்டியாளர்கள் வேலணையிலும் நெடுந்தீவிலும் கிளைக் கூட்டம் வைத்து, படகுச் சேவைக்கும் குடிதண்ணீருக்கும் எங்கள் கடலில் நுழையும் இழுவைப்படகுகளுக்கும் என்ன செய்வோம் என்று நேரில் பதில் சொல்லட்டும். அதற்குப் பிறகு வாக்கெடுப்பை நடத்தட்டும். வென்றவரிடம் பொறுப்பைக் கொடுக்கட்டும்.