ஜெஜு தீவுலயும் அதே உப்புத் தண்ணிதான்!

கொரியன் சீரியல்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடும்? பளிங்கு மாதிரி முகம், முழங்கால் வரைக்கும் கோட்டு, பணக்கார ஹீரோ, அவனை விட டெரரான அவங்கம்மா... 2014 வாக்கில் புதுயுகம் தொலைக்காட்சி 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' தொடரைத் தமிழ் பேச வைச்சப்போ நம்ம லேடீஸ் ஹாஸ்டல்கள் சொக்கிப் போனது இதுக்குத்தானே!

அதையெல்லாம் கொஞ்சம் ஓரமா வைங்க பாஸ். மீன் கவுச்சி அடிக்கிற கொரியத் தொடர் ஒண்ணு இருக்கு. 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்'. 2025 மார்ச்ல நெட்ஃபிளிக்ஸ்ல வாரத்துக்கு நாலா வந்த 16 எபிசோடுகள். சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துல உட்கார்ந்து பார்த்தா, இது வெளிநாட்டுக் கதைன்னே தோணாது.

கதை நடக்கிறது ஜெஜு தீவுல. ஹீரோயின் ஏசுனோட அம்மா ஒரு 'ஹேன்யோ'. ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் இல்லாம, மூச்சை அடக்கிக் கடலுக்குள்ள போய் சிப்பி எடுக்கிற பெண்களுக்கு அங்கே அதுதான் பேரு. அந்தம்மா 29 வயசுலயே நோய்ல போய்ச் சேர்ந்துடுறாங்க. அதுக்கு முன்னாடி, நாள் பூரா கடலுக்கே அம்மா போயிடுதேன்னு சின்னப் பொண்ணு ஏசுன் ஒரு கவிதை எழுதுவா பாருங்க... கர்சீப் இல்லாம அந்த சீனுக்குப் போகாதீங்க.

நிஜ ஹேன்யோக்கள் பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் முங்குவாங்க. 2016-ல யுனெஸ்கோ இவங்க பண்பாட்டை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியல்ல சேர்த்தது. 1960-கள்ல 20,000 பேருக்கு மேல இருந்தவங்க, இப்போ 3,000-க்கும் குறைவு.

சரி, நம்ம ஊருக்கு வாங்க. எண்ணூர்ப் பக்கம் உப்பங்கழியில இருளர் பெண்கள் இறால் பிடிக்கிறதைப் பார்த்திருக்கீங்களா? பனையோலைக் கூடையைப் பல்லால கடிச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் சேத்துக்குள்ள விட்டுத் துழாவுவாங்க. வலை கிடையாது, படகு கிடையாது. ஹேன்யோவுக்கு யுனெஸ்கோ, இவங்களுக்கு? கையில முள்ளும் கண்ணாடியும் குத்தின தழும்புதான் மிச்சம்.

இன்னொரு விஷயம். பழவேற்காட்டுல 'பாடு'ன்னு ஒரு முறை தலைமுறை தலைமுறையா இருக்கு. ஏரியில எந்த இடத்துல, எந்த நாள், யாரு வலை போடணும்னு ஊரே கூடி முறை வைச்சுப் பிரிச்சுக்கும். சண்டை வராம, ஏரியும் காலியாகாம இருக்க சூப்பர் ஏற்பாடுன்னு ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்காங்க. உண்மைதான். ஆனா அந்த முறையில இடம் கிடைக்கிறது மீனவக் குப்பத்து ஆண்களுக்குத்தான். மீனைக் கூடையில சுமந்து வித்துக் காசாக்கற அக்காவுக்கோ, இருளர் குடும்பத்துக்கோ அதுல பங்கு கிடையாது.

ஜெஜுவுலயும் கடலோரத்தை ஊர்ச் சங்கம்தான் பங்கு வைக்குது. ஆனா அங்கே ஹேன்யோக்களும் சங்கத்து உறுப்பினர்கள்! தொடர்ல நம்ம ஏசுன் அந்தச் சங்கத் தலைவர் பதவிக்கே போட்டி போடுவா. சின்ன வயசுல க்ளாஸ் லீடர் தேர்தல்ல அதிக ஓட்டு வாங்கியும் பணக்காரப் பையனுக்காக ஒதுங்க வைக்கப்பட்டவ அவ. அதை மனசுல வைச்சுக்கிட்டு தேர்தல் சீனைப் பாருங்க, விசில் அடிப்பீங்க!

விசில் அடிக்க வைக்கிற இன்னொரு சீன் சாப்பாட்டுல வருது. வீட்டு ஆம்பளைங்க தனி மேசை, பொம்பளைங்க தனி மேசை. ஹீரோ குவான்சிக் ஒரு வார்த்தை பேசாம, உட்கார்ந்த இடத்துலயே முதுகைத் திருப்பி, மனைவி பக்கம் பார்த்துச் சாப்பிட ஆரம்பிப்பான். அவ்வளவுதான் சீன். நம்ம வீட்ல ஆம்பளைங்க சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சக் குழம்போட அம்மா உட்கார்றது ஞாபகம் வந்துச்சுன்னா தப்பு டைரக்டர் மேல இல்லை.

குறையே இல்லையான்னா, இருக்கு. குவான்சிக் ரொம்ப நல்லவன். இவ்வளவு நல்லவன் எந்தக் குப்பத்துலயும் கிடையாது, ஜெஜுவுலயும் இருக்க மாட்டான். கண்ணீரும் லிட்டர் கணக்குல. ஆனாலும் 2021-ல வந்த 'ஹோம்டவுன் சா சா சா'வை விட இது எவ்வளவோ தேவலை. அதுல கடலோர கிராமம் போஸ்ட் கார்டு மாதிரி பளபளன்னு இருக்கும். பல் டாக்டர் ஹீரோயினோட செருப்புல கூட சேறு ஒட்டாது.

பழவேற்காட்டுல சேறு நிறையவே ஒட்டும். முகத்துவாரத்துல மணல் அடைச்சுக்கிட்டா கடல் தண்ணி ஏரிக்குள்ள வராது, அப்புறம் இறால் ஏது? பக்கத்துல ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் கிளம்புற நாள்ல கடலுக்குப் போகத் தடை. இதுக்கு நடுவுலதான் இங்கேருந்து பொண்ணுங்க பஸ் பிடிச்சுப் பொன்னேரி கல்லூரிக்குப் போறாங்க. ஏசுன் ஆசைப்பட்டுக் கடைசி வரைக்கும் போக முடியாத இடம் அது. அவ பொண்ணு கும்மியாங் போயிடுவா, அப்பா அம்மா எதையெல்லாம் வித்து அனுப்பினாங்கங்கிறது தனிக் கதை.

செமஸ்டர் லீவுல பாருங்க. முடிஞ்சா அம்மாவையும் பக்கத்துல உட்கார வைச்சு, சப்டைட்டிலை நீங்க படிச்சுச் சொல்லுங்க. 'ஒம்மா', 'அப்பா'ன்னு அவங்க கூப்பிடுறதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம், அம்மாவுக்கே புரியும்.