வானமே விதானமா?

அமெரிக்கக் கால்பந்தாட்டத்திற்கு ஆகாயமே விதானமாக இருத்தல் வேண்டுமா, அன்றி மனிதன் சமைத்த கூரை வேண்டுமா என்னும் விவாதம், 1965-இல் ஹூஸ்டன் நகரத்தில் ஆஸ்ட்ரோடோம் என்னும் பிரம்மாண்டமான மூடிய அரங்கம் எழுந்த காலந்தொட்டு அந்நாட்டில் ஓயாமல் நடந்து வருகிறது. ஒளி ஊடுருவிய அதன் கூரையின் கூச்சத்தில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பந்தைக் காணாது திகைக்கவே, கூரைக்கு வர்ணம் பூசினார்கள். வெயில் இழந்த புல் மடிந்தது. மறு ஆண்டே அதன் ஸ்தானத்தில் செயற்கைப் புல் வந்து சேர்ந்தது.

மினியாபொலிஸ் நகரத்து மெட்ரோடோமின் கதை இன்னும் விசித்திரமானது. இராட்சத விசிறிகள் இடைவிடாது செலுத்திய காற்றின் அழுத்தத்தாலேயே உப்பி நின்ற அதன் துணிக்கூரை, 2010 டிசம்பரில் பெய்த பனியின் பாரம் பொறாமல் கிழிந்து சரிந்தது. நல்லவேளையாக, அச்சமயம் உள்ளே ஆட்டம் ஏதும் நடைபெறவில்லை.

திறந்த அரங்கின் பக்தர்களோ 1967 டிசம்பர் 31-ஆம் நாளைச் சான்று காட்டுவார்கள். அன்று கிரீன் பே நகரின் லாம்போ மைதானத்தில், பூஜ்யத்திற்குக் கீழே ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ் குளிரில், நடுவர்களின் விசில்களே உறைந்து பயனற்றுப் போன நிலையில், பாக்கர்ஸ் அணி டல்லாஸ் கௌபாய்ஸ் அணியை 21-17 என்ற கணக்கில் வென்றது. ரசிகனின் சௌகரியத்திற்குக் கூரை உகந்ததுதான். ஆயினும் இயற்கையையும் எதிரியாகக் கொண்டு ஆடப்படும் ஆட்டமே என் அபிப்பிராயத்தில் மேலானது.