கணையம் வீங்கினால் புற்றுநோயா?

ஸ்கேன் அறிக்கையில் 'கணையம் பருத்திருக்கிறது' என்று ஒரு வரி. குடும்பமே தூக்கத்தைத் தொலைக்க அது போதும். முழு உறுப்பும் வீங்கியிருந்தால் பெரும்பாலும் அழற்சிதான். பித்தக்கல்லோ மதுவோ பின்னணியில் இருக்கும். மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலியும், 3 மடங்கு எகிறிய லிபேஸ் அளவும் அதைக் காட்டிக்கொடுக்கும். இளைஞர்களின் கணையம் இயல்பாகவே சற்றுப் பருமன்.

குழப்புவது இன்னொரு ரகம். உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்க, அது மடிப்புகள் மறைந்து உருளையாகிறது. வலியில்லாமல் மஞ்சள் காமாலை வருகிறது. புற்றுநோய் என்று எண்ணி கத்தி வைக்கப்பட்டவர்கள் உண்டு. ஜப்பானிய மருத்துவர்கள் 1995இல் இதை 'ஆட்டோஇம்யூன்' நோய் என்றனர். 2001இல் ஐஜிஜி4 என்ற ரத்த அடையாளமும் கிடைத்தது. ஸ்டீராய்டு கொடுத்தால் சில வாரங்களில் வீக்கம் வடிகிறது. ஆனால் சில புற்றுநோயாளிகளிடமும் ஐஜிஜி4 உயர்வதால், சந்தேகம் இருந்தால் திசு ஆய்வுதான் முதலில்.